மேலே இருந்த ஒரு கிழமை

பாலைவனச் சூட்டைச் சுமந்து வரும் சிரோக்கோ காற்று இத்தாலியப் பட்டணமான பலெர்மோவுக்குள் புகுந்துவிட்டால் நாய்க்கும் குரைக்கச் சோம்பல் வந்துவிடும். போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரர்கள் கூவுவதை நிறுத்திவிட்டு, ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருப்பார்கள். ஊரே வாயை மூடிக்கொள்கிற அந்த நாட்களில்தான் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், சிஞ்ஞோர் கலோஜெரோ என்கிற கிழவருக்குக் கதை ஊறும்.

கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தான். பேசாலை மீன்பிடிக் கிராமத்து ஏர்னஸ்ற். ஆறு வருடமாக அந்த வீட்டிலேயே தங்கிக் கிழவரைப் பார்க்கிறவன். மிலானில் இருக்கிற மகள் மாதம் தவறாமல் சம்பளம் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுத்து அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். அதோடு அவள் கடமை முடிந்தது. மிச்சமெல்லாம் ஏர்னஸ்ற்றின் தலையில். காலையில் இடுப்புப் பட்டியில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும், கழுவ வேண்டும், முகம் வழித்துவிட வேண்டும், பாற்கோப்பியில் பிஸ்கற்றை ஊறவைத்து வாயில் தீத்த வேண்டும். தொண்ணூறு தாண்டி எலும்பும் தோலுமாகப் போன பிறகும் கிழவரின் பாரம் குறைந்தபாடில்லை. அந்தத் தோளும் முன்னங்கையும் ஒரு காலத்தில் மரத்தடி சுழற்றியவை. கடலில் வலை இழுத்துப் பழகியிராவிட்டால் ஏர்னஸ்ற்றின் நாரி எப்போதோ முறிந்திருக்கும்.

பலெர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில் எலுமிச்சைத் தோட்டக் கூலிக்காரனுக்குப் பிறந்த கலோஜெரோவைக் கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர் சார்லி ஆனார். பதினெட்டு வயதில் பேஸ்போல் விளையாடச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அந்த விளையாட்டை ஏர்னஸ்ற் கண்ணால் கண்டதில்லை. நம் ஊர் எல்லே விளையாட்டு மாதிரி ஒன்று, தடியால் அடித்துவிட்டு ஓட வேண்டும் என்ற அளவில் பிடித்து வைத்திருந்தான். அதில் மேலே ஒரு பெரிய லீக் உண்டாம். பெரிய பட்டணம், பெரிய மைதானம், பேப்பரில் படம். அதற்குக் கீழே படிப்படியாகச் சின்ன லீக்குகள், சின்ன ஊர்கள். கீழே நன்றாக அடிக்கிறவனை மேலே கூப்பிடுவார்கள். கலோஜெரோ வேலிக்கு வெளியே அடிப்பதில் சூரன். வாலிபம் முழுக்கக் கீழேயே அடித்துத் தீர்த்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் மனைவியோடு ஊருக்கே திரும்பிவிட்டார்.

“எது வரைக்கும் சொன்னனான், ஏர்னெஸ்தோ?” என்று இத்தாலியனில் கேட்டார் கிழவர்.

பல்கனியில் நிழல் இருந்தது. நீளச் சுரைக்கொடியின் தளிர்களை நாரெடுத்துக் கிள்ளிக்கொண்டிருந்தான் ஏர்னஸ்ற். உடைத்த ஸ்பகெத்தியோடு அதைப் போட்டு அவித்தால்தான் கோடையில் கிழவருக்குச் சாப்பாடு இறங்கும்.

“புகையிலை ஊர், சிஞ்ஞோர். பலகையிலை அடிச்சது.”

ஊர்ப் பெயர்கள் அவன் நாக்கில் நிற்பதில்லை. புகையிலை ஊர், பஞ்சாலை ஊர், கடதாசி ஆலை ஊர் என்று மணத்தை வைத்துத்தான் ஞாபகம்.

“ஓம். வேலியிலை ஒரு தையல்கடைக்காரன்ரை விளம்பரப் பலகை. பந்து பட்டா ஒரு சூட் சும்மா தருவன் எண்டு எழுதி வைச்சிருந்தான். நான் அந்த ஒரு கோடைக்குள்ளை அஞ்சு சூட் எடுத்தன். பிறகு அந்த மனுசன் கும்பிட்டுப்போட்டுப் பலகையைக் கழட்டிக்கொண்டு போட்டான்.”

“அஞ்சு சூட்டையும் எங்கை போட்டனீங்கள்?”

“எங்கை போடுறது? பஸ்ஸுக்குள்ளைதான். விளையாடுறது, பஸ் ஏறுறது, இறங்கி விளையாடுறது. மாரியிலை ஐஸ் ஆலையிலை வேலை. சூட் போட்டுக்கொண்டு ஐஸ் தூக்கேலுமோ?”

ஏர்னஸ்ற் சிரித்தான். இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பான் என்பது அந்தச் சுரைக்கொடிக்குத்தான் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்பான்.

“இவ்வளவு அடிச்சும் ஏன் மேலை கூப்பிடேல்லை?”

“வளைஞ்சு விழுற பந்து, ஏர்னெஸ்தோ. நேரா வாறதை எவ்வளவு வேகமா எறிஞ்சாலும் அடிப்பன். வளைச்சுப் போட்டா காத்தைத்தான் அடிப்பன். அது அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சனத்துக்கும் தெரியும். அடி பிழைச்சா வெறும் போத்திலாலை எறிவினம்.”

“கோவம் வராதோ?”

“ஏன் வர வேணும்? பிழைச்சனான்தானே!”

கிழவர் பெருமையாகத்தான் சொன்னார். அவரை முகம் வழிக்கிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் கடைக்காரன் ‘கம்பியோனே’ என்று கூப்பிடுவான். சாம்பியன் என்று அர்த்தம். வீட்டுக் கட்டடத்தின் வாசல்காரனும் அப்படித்தான். அதற்கு மட்டும் கிழவர் ஒன்றும் சொல்லாமல் கையைக் கொஞ்சம் உயர்த்திப் பல்லைக் காட்டுவார். வயதானவரைச் சந்தோசப்படுத்தச் சொல்கிறார்கள் என்று ஏர்னஸ்ற் விட்டுவிட்டான்.

ஏர்னஸ்ற்றோடு கதைக்க வேறு ஆளும் இல்லை. மனைவி அருள்நாயகியும் மகள் ஜெசிக்காவும் இங்கிலாந்துக்குப் போய்ப் பல வருடம். “முதல்லை நாங்கள் போய் வீடு பாக்கிறம், பிறகு நீங்கள் வாங்கோ” என்று சொல்லித்தான் போனார்கள். வீடு பார்த்தார்கள், வேலை பார்த்தார்கள், மகள் படித்து முடித்தாள். ‘பிறகு’ மட்டும் வரவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. சண்டை பிடிக்கவும் கொஞ்சம் நெருக்கம் வேண்டுமே. பெருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் அருள்நாயகி ஃபோன் எடுப்பாள். “என்ன, சுகமோ?” “ஓம், சுகம்.” “அங்கை வெக்கையோ?” “ஓம், வெக்கைதான்.” அவ்வளவில் முடியும்.

வியாழன் பின்னேரம் அவனுக்கு லீவு. பக்கத்து வீட்டு மனுசி கிழவரோடு இருப்பாள். போக இடமில்லாத மனுசனுக்கு லீவும் ஒரு தண்டனைதான். கபோச் சந்தை முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் கோபாலசிங்கத்தின் கடைக்குள் நுழைந்து, வேண்டாத கறித்தூளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பான். கோபாலசிங்கம்தான் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். கடையில் எந்த நேரமும் நாலு பேர் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். ஏர்னஸ்ற்றை அவர்கள் விலக்கி வைக்கவில்லை. இருப்பதாகவே நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வியாழன் தலைவரின் முகம் கறுத்திருந்தது. விளையாட்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வர ஒத்துக்கொண்ட நகரசபைக்காரர், வேறு கூட்டம் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்.

“ஆர் கொடி ஏத்துறது? ஆருக்குப் பொன்னாடை போத்துறது?” என்றார் கோபாலசிங்கம்.

“நீங்களே ஏத்துங்கோவன் அண்ணை” என்றான் செயலாளர் கிருபன்.

“எனக்கு நானே பொன்னாடை போத்துறதோடா? மெசினாக் கழகக்காரர் போனமுறை ஒரு வெள்ளைக்காரனை முன்னுக்கு இருத்தினவங்கள். எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரன் கிடைக்கமாட்டானோ?”

“எங்கட சிஞ்ஞோர் ஒரு விளையாட்டுக்காரன்” என்றது ஒரு குரல். அது தன்னுடைய குரல் என்று ஏர்னஸ்ற்றுக்கே கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

எல்லாரும் திரும்பினார்கள்.

“ஆரு? நீங்கள் பாக்கிற அந்தக் கிழவனோ?”

“ஓம். அமெரிக்காவிலை பேஸ்போல் விளையாடினவர். அடிகாரர். பந்து வேலிக்கு வெளியாலைதான் போகும்.”

“பெரிய லீக்கிலையோ, அண்ணை?” என்றான் கிருபன்.

உண்மை நாக்கு நுனியில்தான் நின்றது. அதற்குள் தலைவரின் மனைவி சறோஜா கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டாள். “ஏன் நிக்கிறியள் அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி ஊத்துறன்.” அந்தக் கடையில் அவனை யாரும் இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏர்னஸ்ற் இருந்தான். இருந்த பிறகு எழும்ப மனம் வரவில்லை.

“ஓம். மேலை. பெரிய லீக்கிலைதான்.”

“கப் வெண்டவரோ?” என்றார் தலைவர்.

“வெண்டவர்.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெட்டதோடு நிற்காமல் ஒரு ரோலும் தின்று, இரண்டாம் தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் எழும்பியது.

மறுநாளே ஏர்னஸ்ற்றிடம் கிழவரின் இளவயதுப் படத்தை வாங்கிக் கிருபன் துண்டுப்பிரசுரம் அடித்தான். அமெரிக்காவின் உலகப் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர், பெரும் லீக் சாம்பியன். அது வாட்ஸ்அப்பில் ஏறி, கடல் தாண்டிப் போய், இங்கிலாந்தில் இறங்கியது. பெருநாளும் இல்லை, பிறந்தநாளும் இல்லை, அருள்நாயகியின் ஃபோன் வந்தது.

“இஞ்சருங்கோ, இது உங்கட ஆளே?”

“ஓம்.”

“இவ்வளவு பெரிய ஆளைப் பாக்கிறியள், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! நான் என்னவோ ஏதோவொரு கிழவன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். இஞ்சை எல்லாரும் கேக்கினம். பிள்ளை தன்ரை சிநேகிதிமாருக்கும் அனுப்பிப்போட்டாள். லைவ் போடுவினமோ?”

“போடுவினமாம்.”

“பாக்கிறம். நல்ல சேர்ட் போடுங்கோ, என்ன? அந்த நீலம் வேண்டாம்.”

ஃபோனை வைத்த பிறகும் ஏர்னஸ்ற் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவனுடைய சேர்ட்டைப் பற்றி அவள் நினைத்திருக்கிறாள்! இனி உண்மையைச் சொன்னால் கடையில் மானம் போகும். அது போனாலும் போகட்டும். இவளுடைய இந்தக் குரலும் போய்விடுமே. அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

விசயத்தைக் கிழவரிடம் சொன்னபோது அவர் துண்டுப்பிரசுரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் தமிழ் எழுத்துகளைத் தடவினார்.

“அவைக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?”

“நல்லா அடிச்சவர் எண்டு.”

“எங்கை அடிச்சது எண்டு சொன்னனியோ? அந்தப் பஞ்சாலை, புகையிலை எல்லாம்?”

“சொன்னனான்.”

“சொல்லியுமோ கூப்பிடினம்?”

“ஓம், சிஞ்ஞோர்.”

கிழவர் துண்டுப்பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, “நான் செய்ததுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை, ஏர்னெஸ்தோ” என்று சொல்லிவிட்டு, சாம்பல் நிறக் காற்சட்டையை எடுத்து மடிப்பு விழ மினுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நாள்தோறும் காலையில் விழா இன்றைக்கோ என்று கேட்டார். ஏர்னஸ்ற்றுக்கு நெஞ்சு குத்தியது. ஆனால் ஒரு தைரியம் இருந்தது. மேடையில் எல்லாம் தமிழில் நடக்கும். கிழவருக்குத் தமிழ் தெரியாது. சனத்துக்கும் அவருக்கும் நடுவில் நிற்கப் போகிறவன் தான்தான். இந்தப் பக்கத்துக்கு ஒன்றையும் அந்தப் பக்கத்துக்கு இன்னொன்றையும் சொல்லிவிட்டால் போயிற்று.

ஒறேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு பங்குக் கோவிலின் பந்துத் திடல். ஞாயிறு பூசை முடிந்த கையோடு சனம் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் ரோல்ஸ் பொரிந்தது, மற்றப் பக்கம் சர்பத்துக்கு ஐஸ் உடைத்தார்கள். சிரோக்கோ புழுதியை அள்ளி இரண்டிலும் பங்கு போட்டது. கிழவரைக் கிருபனின் காரிலிருந்து இறக்கி, பட்டியைப் பிடித்து மேடை வரைக்கும் நடத்தினான் ஏர்னஸ்ற். பாண்ட் அடித்தார்கள். மாலை போட்டார்கள். அந்த வெயிலில் பொன்னாடையும் போர்த்தினார்கள். கிழவர் குழந்தைப்பிள்ளை மாதிரி எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டை ஃபோனைத் தூக்கிப் பிடித்து லைவ் எடுத்தது. ஏர்னஸ்ற் வெள்ளைச் சேர்ட்டில் விறைப்பாக நின்றான்.

கோபாலசிங்கம் தமிழில் முழங்கினார். உலகப் புகழ் என்றார், சிங்கம் என்றார். கிழவர் தலையை ஏர்னஸ்ற் பக்கம் சரித்தார்.

“என்ன சொல்லுறார்?”

“உங்களை வரவேற்கிறார், சிஞ்ஞோர்.”

அதற்குப் பிறகுதான் ஏர்னஸ்ற் நினைத்தும் பாராதது நடந்தது. “எங்கட இளம் பிள்ளையளுக்காக இப்ப தர்மிளா இத்தாலியனிலை வாசிப்பா” என்று சொல்லித் தலைவர் ஒதுங்கினார். பலெர்மோவில் பிறந்து, தமிழில் சாப்பிட்டு இத்தாலியனில் சண்டை பிடிக்கிற அத்தனை பிள்ளைகளும் முன்வரிசையில்தான் இருந்தார்கள். ஆறு வருடம் ஒரு கிழவரோடு அடைந்து கிடந்தவனுக்கு அப்படி ஒரு தலைமுறை வளர்ந்து நிற்பது ஞாபகத்தில் இல்லை. தர்மிளா ஒலிவாங்கியைப் பிடித்து, சுத்தமான பலெர்மோக் குரலில், கிழவருக்கு ஒரு சொல் தவறாமல் கேட்கும்படி வாசித்தாள். அமெரிக்காவின் மிக உயர்ந்த லீக்கில் விளையாடியவர். சாம்பியன் பட்டம் வென்றவர். கம்பியோனே.

கிழவரின் தலையாட்டம் நின்றுவிட்டது. அவர் ஏர்னஸ்ற்றைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஏர்னஸ்ற் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பான். அப்படிப் பார்க்கவில்லை. கடைத்தெருவில் பார்த்த முகம் ஒன்றை எங்கே கண்டோம் என்று யோசிக்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தார்கள். திடல் அமைதியானது. லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தப் பிள்ளை சொன்னது எல்லாம் சரி” என்றார் கிழவர். “நன்றி.”

கையை உயர்த்திப் பல்லைக் காட்டினார். சனம் எழும்பிக் கை தட்டியது.

பிரதம விருந்தினர் முதல் பந்தை அடித்துப் போட்டியைத் தொடக்கி வைப்பது வழமை. எல்லேத் தடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏர்னஸ்ற் பின்னால் நின்று பட்டியை இறுக்கிப் பிடித்தான். தடியைத் தொட்டதும் கிழவரின் தோள் தானாக இறுகியது. அது அவன் கைக்குத் தெரிந்தது. கிருபன் கிட்ட வந்து பூப்போலப் பந்தை எறிந்தான். கிழவர் வீசினார். காற்றுத்தான் பட்டது. சனம் கை தட்டியது. இன்னொன்று எறிந்தான். அதுவும் பிழைத்தது. இன்னும் பலமாகக் கை தட்டினார்கள், விசிலும் அடித்தார்கள்.

“ஏன் தட்டுறாங்கள்?” என்று கிழவர் மெல்லக் கேட்டார்.

“மரியாதைக்கு, சிஞ்ஞோர்.”

“பிழைச்சதுக்கோ?”

கிழவர் தடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கிழவருக்கு உடுப்பு மாற்றி, காலைக் கழுவித் துடைத்துக் கட்டிலில் இருத்தியாயிற்று. பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏர்னஸ்ற் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மன்னியுங்கோ, சிஞ்ஞோர். ஒரு பேச்சுக்குச் சொல்லப் போய்…”

“நீ புதுசாப் பொய் சொல்லேல்லை. அது என்ரை பொய்தான்.”

“விளங்கேல்லை.”

“கடதாசி ஆலை ஊரிலை ஒருநாள் என்னைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோட்டல்லை நிக்கச் சொன்னாங்கள். மேலையிருந்து கூப்பிடப் போறாங்களாம். நான் பொறுக்கேலாமல் என்ரை மனுசிக்கு ஃபோன் எடுத்துக் கூப்பிட்டாச்சு எண்டு சொல்லிப்போட்டன். ஜுசெப்பினா ஃபோனிலை அழுதாள். பின்னேரம் ஆள் வந்தான். வேறை பொடியனைக் கூட்டிக்கொண்டு போனான். நான் என்ன செய்ய? ஒரு கிழமை கழிச்சு, மேலை விளையாடினனான், கால் சுளுக்கிப்போச்சு, திரும்ப அனுப்பிப்போட்டாங்கள் எண்டு சொன்னன். அந்த ஒரு கிழமை மேலை இருந்தன் எண்டு நம்பித்தான் அவள் செத்தவள். பகேரியா முழுக்க, இந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைச்சவள். கடைக்காரன் கம்பியோனே எண்டுறது அதாலைதான். மகளுக்கும் அதுதான் தெரியும்.”

“அப்ப எனக்கு ஏன் உள்ளதைச் சொன்னனீங்கள்?”

“உனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது. உனக்குக் கதைக்க ஆளும் இல்லை. அடிச்சதை அடிச்சது எண்டும் பிழைச்சதைப் பிழைச்சது எண்டும் சொல்ல, ஆறு வருசம் எனக்கு ஒரு ஆள் இருந்தது.”

அவர் ‘இருக்கு’ என்னாமல் ‘இருந்தது’ என்று சொன்னதைக் கேட்டு ஏர்னஸ்ற் வாயைத் திறந்தான். அதற்குள் ஃபோன் அடித்தது. அருள்நாயகி.

“பாத்தம், எல்லாம் பாத்தம்! வெள்ளைச் சேர்ட் நல்லாயிருந்தது. கொஞ்சம் மெலிஞ்சு போனியள். பிள்ளை சொல்லுறாள், ஆவணியிலை லீவு எடுத்து வந்து உங்களையும் அந்த மனுசனையும் பாப்பமாம். வரட்டோ?”

கிழவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏர்னஸ்ற் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தான்.

“வாங்கோ” என்றான். “கட்டாயம் வாங்கோ.”

மறுநாளும் காற்று விடவில்லை. மத்தியானம் கிழவரைப் பல்கனி நிழலில் இருத்தி, சூப்பை ஆற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தான் ஏர்னஸ்ற். கதை வராதோ என்று பயந்திருந்தான். கதை வந்தது.

“மேலை போன முதல்நாள், ஏர்னெஸ்தோ, மைதானத்தைப் பாத்து எனக்குக் கண் கூசிப்போச்சு. எவ்வளவு சனம்!”

ஏர்னஸ்ற் கரண்டியை இறக்கினான்.

“சிஞ்ஞோர், நீங்கள் அப்ப ஹோட்டல்லையெல்லோ?”

“ஆர் சொன்னது?”

“நீங்கள்தான். நேற்று.”

“நீ மாறி விளங்கியிருப்பாய்.”

கிழவர் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். வாசல்காரனுக்கும் சவரக்காரனுக்கும் காட்டுகிற அதே பல்வரிசை. ஆறு வருடத்தில் ஏர்னஸ்ற்றுக்கு அவர் அதை ஒருநாளும் காட்டியதில்லை.

“புது வெள்ளை உடுப்புத் தந்தாங்கள். என்ரை பேரை ஒலிபெருக்கியிலை கூப்பிட்டாங்கள். அந்தக் கிழமை முழுக்க நான் தொட்டதெல்லாம் வேலிக்கு வெளியாலை.”

கீழே சந்தை வாய் மூடிக் கிடந்தது. ஏர்னஸ்ற் சூப்பைக் கிளறினான். இந்தப் பட்டணத்தில் அவனுக்கு என்று இருந்த ஒரே மனுசன் எதிரில்தான் இருந்தார். ஆனால் நேற்றோடு போய்விட்டார்.

“ஒருக்காலும் பிழைக்கேல்லையோ, சிஞ்ஞோர்?” என்று கேட்டான். கெஞ்சுகிறவன் மாதிரித்தான் கேட்டான்.

“இல்லை” என்றார் கிழவர். “ஒருக்காலும் இல்லை.”

அவர் சூப்புக்கு வாயைத் திறந்தார். ஏர்னஸ்ற் தீத்தினான்.